அழுதுகொண்டு இழுத்த வலை

சேசு மரி சூசை துணை
தாழ்வுபாடு
9.7.1967

அன்பான கிறகரி அண்ணைக்கு,

தம்பி வலன்ரைன் எழுதுறது. அம்மாவும் தங்கச்சி அன்ரோனெற்றும் நானும் தேவமாதாவின்ரை காவலிலை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம். கொழும்பிலை விடாமல் மழையாம் எண்டு றேடியோவிலை சொன்னது. உங்கடை நெஞ்சுச் சளி எப்பிடி எண்டு அம்மா கேட்டு எழுதச் சொன்னவ.

சந்தியோகுவைப் பற்றி எழுத வேணும். வைகாசியிலை அவனும் தமையன் தோமஸும் போன வள்ளம் கவிண்டதைத் தந்தியிலை அறிவிச்சனாங்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியாது. கவிண்ட வள்ளத்தின்ரை முதுகைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் ஒரு பகல் முழுக்கக் கிடந்தவை. பின்னேரம் போலை தோமஸின்ரை கை விட்டிட்டுது. தலைமன்னார் ஆக்களின்ரை வள்ளம் வந்து சேரேக்கை இவன் மட்டும்தான். தோமஸின்ரை பிரேதம் இண்டுவரைக்கும் கிடைக்கேல்லை.

இப்ப ரெண்டு மாசம். சந்தியோகு அழுறான் அண்ணை. முகத்தை மூடாமல், சத்தம் போட்டு அழுறான். பூசையிலை, தேத்தண்ணிக் கடையிலை, பந்தடிக்கிற வெளியிலை, இன்ன இடம் எண்டில்லை. "எனக்குக் கடலுக்குப் பயமாய்க் கிடக்கு" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுறான். இந்தக் கரையிலை ஒரு ஆம்பிளை அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் பெடியள் நல்லாய்த்தான் நடந்தவங்கள். தோளிலை தட்டினம். சாராயம் பருக்கினம். பகிடி விட்டம். குடிச்சாப் பிறகு இன்னும் கூட அழுதான். பேந்து அவன் வாற ஒழுங்கையை விட்டு மற்ற ஒழுங்கையாலை போகத் தொடங்கினம். போன செவ்வாய்க்கிழமை விடிய அவன்ரை வேலியிலை ஒரு பாவாடை தொங்கினது. சவிரியின்ரை ஆக்கள் கட்டினவங்கள். சவிரியை உங்களுக்குத் தெரியும்தானே, என்னோடை ஒரே வள்ளத்திலை தொழிலுக்கு வாறவன், பந்தடிக்கிற கிளப்புக்குக் கப்டன். சந்தியோகுவின்ரை தாய் திரேசம்மா மாமி அதை அவிட்டு, மடிச்சு, உள்ளை கொண்டு போனவ.

நீங்கள் படிச்சனீங்கள். அவனுக்கு என்ன செய்யலாம் எண்டு எழுதுங்கோ.

உங்கடை பதிலைப் பாத்திருக்கிற
வலன்ரைன்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
17.7.1967

அன்புத் தம்பி வலன்ரைனுக்கு,

கடிதம் கிடைத்தது. சளி குறைந்துவிட்டது, அம்மாவிடம் சொல். நீயும் காற்றுக் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்.

சந்தியோகு விடயத்தில் நீங்கள் எல்லோரும் பிழை விடுகிறீர்கள். அழுகிறவனைச் சுற்றி ஆட்கள் நின்றால் அவன் அழுதுகொண்டேதான் இருப்பான். சாராயமும் வேண்டாம், தடவலும் வேண்டாம். நாலு பேர் கையைக் காலைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றுங்கள். இரண்டு மைல் போனால் தானாகத் துடுப்பைத் தூக்குவான்.

நான் வாடகைக்கு இருக்கிற போடிங்கிலும் ஒருவன் இருக்கிறான். யோகராசா, இலுப்பைக்கடவைப் பெடியன். வயல் செய்கிற கமக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, என் கந்தோரில்தான் கிளாக்கர். அரசாங்க வேலைக்குக் கட்டாயமான சிங்களப் பரீட்சையில் மூன்றாம் தரமும் தவறிவிட்டான். அடுத்த தரமும் பாஸ் பண்ணாவிட்டால் வேலையால் நிறுத்துவோம் என்று கடிதம் வந்திருக்கிறது. தலையணையில் முகத்தைப் புதைத்து விம்முகிறான். நேற்று என்னிடம் வந்து, "கிறகரி, உன்னோடு கொஞ்சம் கதைக்க வேணும்" என்றான். நானும் மற்ற மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று அவனுக்குச் சிங்களத்தில் தாலாட்டுப் பாடினோம். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைத் தட்டினார். யோகராசாவின் வாய் அதோடு மூடிவிட்டது. இப்படித்தான் அடக்க வேண்டும்.

அம்மாவையும் தங்கச்சியையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்
கிறகரி


தாழ்வுபாடு
30.7.1967

அன்பான அண்ணைக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். அங்கையும் அப்பிடியே இருக்க வேணும் எண்டு மன்றாடுறம்.

நீங்கள் எழுதினபடி செய்தனாங்கள். உங்கடை கடிதத்தைச் சவிரிக்கு வாசிச்சுக் காட்டினது நான்தான். வியாழக்கிழமை சோளகக் காத்து கொஞ்சம் தணிஞ்சிருந்தது. நானும் சவிரியும் இன்னும் ரெண்டு பேரும் சந்தியோகுவை வீட்டு முத்தத்திலை வைச்சுத் தூக்கினம். முதல் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சான். ஈர மணல் காலிலை பட்டோடனை திமிறத் தொடங்கினான். முன்னுக்கு, அணியத்திலை போட்டு வள்ளத்தைத் தள்ளினம்.

ரெண்டு மைல் போகேல்லை அண்ணை. அரை மைலும் போகேல்லை. மூச்சு எடுக்க ஏலாமல் முகம் நீலம் பாஞ்சு போச்சு. என்ரை கையைப் பிடிச்சான். "விடாதை, விடாதை" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குச் சொன்னானோ தோமஸுக்குச் சொன்னானோ தெரியாது. கரைக்குத் திருப்பினம். இறங்கேக்கை அவன் கட்டியிருந்த சாரம் நனைஞ்சிருந்தது. கடல் தண்ணியிலை இல்லை. கரையிலை நிண்டவங்கள் அதைக் கண்டு சிரிச்சவங்கள்.

என்ரை கையிலை அவன்ரை நகம் பதிஞ்ச அடையாளம் இன்னும் கிடக்கு. இனி என்ன செய்யிறது எண்டு எழுதுங்கோ.

வலன்ரைன்


கொழும்பு
8.8.1967

தம்பிக்கு,

நான் சுகம். வேலை அதிகம், அதனால் நீட்டி எழுத நேரம் இல்லை.

நீ அவனுடைய சோலியை விடு. உன்னால் ஆனதைச் செய்துவிட்டாய். அவனோடு திரிந்தால் உன் பெயரும் கெடும். அன்ரோனெற்றுக்கு வயது வருகிறது, அதை நினை.

போடிங்கில் ஒரு கட்டில் காலி. யோகராசா லீவில் ஊருக்குப் போய்விட்டான்.

கிறகரி


தாழ்வுபாடு
27.8.1967

அன்பான அண்ணைக்கு,

அம்மாவுக்கு முழங்கால் நோ. மற்றபடி எல்லாரும் நல்லாய் இருக்கிறம். நீங்கள் ஒழுங்காய்ச் சாப்பிடுறனீங்களோ?

முதல் எழுதின கடிதத்திலை நான் ஒரு பொய் எழுதினனான். சவிரியின்ரை ஆக்கள் பாவாடை கட்டினவங்கள் எண்டு. நானும் நிண்டனான். சவிரி வேலியிலை ஏறேக்கை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். சிரிச்சதும் நான்.

வள்ளத்திலை அவன் என்ரை கையைப் பிடிச்ச நாளிலை இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. போன சனிக்கிழமை திரேசம்மா மாமியிட்டைப் போய், "மாமி, அந்தப் பாவாடையைத் தாங்கோ" எண்டு கேட்டன். அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தா. அதைச் சாரத்துக்கு மேலாலை கட்டிக்கொண்டு பந்தடிக்கிற வெளிக்குப் போனன். பின்னேர நேரம், ஊர்ச்சனம் முழுக்க ஒழுங்கையிலை. நாய்கூடக் குலைச்சது.

"என்னடா இது வேசம்?" எண்டான் சவிரி.

"பயந்தவனுக்கு எண்டுதானே இதைக் கட்டினனாங்கள்? எனக்கும் பயம்தான். ஒவ்வொரு நாளும் வள்ளத்திலை கால் வைக்கேக்கை தேவமாதாவைத்தான் கூப்பிடுறன். அப்ப இது எனக்கும்தானே."

சவிரிக்குக் கிட்டப் போனன். "உனக்குப் பயம் இல்லையெண்டால் சொல்லு, சவிரி. தோமஸ் செத்த கிழமை நீ ஏன் காய்ச்சல் எண்டு தொழிலுக்கு வரேல்லை?" எண்டு கேட்டன். அவன் அடிச்ச அடியிலை என்ரை வாய்ச் சொண்டு வெடிச்சுப் போச்சு. நான் திருப்பி அடிக்கேல்லை. பாவாடையோடையே பந்தடிச்சனான். ரெண்டு தரம் தடக்கி விழுந்தன்.

அப்ப சவிரியின்ரை தங்கச்சி மாக்கிறட் தண்ணிக் குடத்தோடை வந்தவள் நிண்டு பாத்திட்டு, "ஐயோ, அது என்ரை பாவாடையெல்லே! ரெண்டு மாசமாய்த் தேடுறன். விளையாடி முடிச்சிட்டு தோய்ச்சுத் தாங்கோ!" எண்டு கத்தினாள். பெடியள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சவங்கள். சவிரிதான் எங்கை பாக்கிறது எண்டு தெரியாமல் நிண்டான். வெளியின்ரை ஓரத்திலை சந்தியோகு இருந்தான். அவனும் சிரிச்சான், கண்ணாலை தண்ணி ஓட ஓட.

இதை நீங்கள் மற்றவையின்ரை வாயாலை அறிய முதல் நானே எழுத வேணும் எண்டு எழுதுறன்.

வலன்ரைன்


கொழும்பு
3.9.1967

வலன்ரைனுக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

உனக்கு மூளை கலங்கிவிட்டதா? பாவாடை கட்டிக்கொண்டு ஊர் நடுவில் நின்றாயாம். அதைக் கடிதத்திலும் பெருமையாக எழுதுகிறாய். அப்பா இல்லாத வீடு இது. அப்பா இறந்த அன்று எனக்குப் பதினைந்து வயது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினவன் நான். அன்றைக்கு நானும் அழுதுகொண்டு குந்தியிருந்தால் உங்களுக்கு யார்?

இன்றோடு அவனோடு திரிவதை நிறுத்து. இது நான் கேட்பதில்லை, சொல்வது.

கிறகரி


தாழ்வுபாடு
15.9.1967

அன்பான அண்ணைக்கு,

மருந்து வந்தது. அம்மா ரெண்டு நேரமும் பூசுறா, நோ குறைவு. உங்கடை உடம்புக்கு ஒண்டும் இல்லைத்தானே?

நீங்கள் சொல்லி நான் கேளாதது ஒண்டும் இல்லை. படிப்பை விடச் சொன்னியள், விட்டன். தொழிலுக்குப் போகச் சொன்னியள், போனன். இதை மட்டும் கேக்க மாட்டன். கோவிச்சாலும் கேக்க மாட்டன்.

அப்பாவின்ரை பெட்டியை நீங்கள் தூக்கினது எனக்கு நினைவு இருக்கு. எனக்குப் பத்து வயது. கோயில் வாசலிலை எனக்கு அழுகை வெடிச்சுக்கொண்டு வந்தது. நீங்கள் உங்கடை கையாலை என்ரை வாயைப் பொத்தினியள். "ஆம்பிளைப் பிள்ளை, சனம் பாக்குது" எண்டு சொன்னியள். பொத்தின கை நடுங்கினது. அண்ணையும் அழப் போறார், அப்ப ரெண்டு பேரும் சேந்து அழலாம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீங்கள் அழேல்லை. பன்ரண்டு வருசம் அண்ணை. அப்பாவைப் பற்றி நீங்களும் நானும் ஒரு வசனம் கதைக்கேல்லை.

சந்தியோகு தமையனைப் பற்றி ஒவ்வொரு நாளும் கதைக்கிறான். தோமஸ் வெத்திலை போடுற விதம், தோமஸின்ரை பொய்ச் சத்தியங்கள், கை விட முதல் தோமஸ் கடைசியாய்ச் சொன்னது. பக்கத்திலை இருக்கிறன், அவ்வளவுதான். அவனை விட்டுப் போக மாட்டன். என்னை என்னெண்டு வேணுமெண்டாலும் சொல்லட்டும்.

உங்களிலை பட்சம் குறையாத
வலன்ரைன்


தாழ்வுபாடு
5.11.1967

அன்பான அண்ணைக்கு,

உங்கடை கடிதம் வந்து ரெண்டு மாசம். அம்மா தபால்காரனைக் காணுற நேரமெல்லாம் வாசலுக்கு வாறா. கோவம் எண்டால் கோவம் எண்டாவது ரெண்டு வரி எழுதுங்கோ.

சோளகம் விட்டுக் கரைவலை தொடங்கியிட்டுது. தண்ணிக்குள்ளை நிண்டு கயிறு இழுக்கச் சந்தியோகுவைக் கூட்டிக்கொண்டு போனன். வலை முதலாளி, "அழுறவன் இழுத்தால் மீன் விழாது" எண்டார். "அப்ப என்னையும் நிப்பாட்டுங்கோ" எண்டன். ஆள் பத்தாத நேரம், ரெண்டு பேரையும் நிப்பாட்ட ஏலாமல் போச்சு. முதல் நாள் கணுக்கால் மட்டும் நிண்டான். நாலாம் நாள் முழங்கால். நேற்று இடுப்பளவு தண்ணி. சத்தம் போட்டு அழுதுகொண்டு இழுத்தான். நான் அவனுக்கு முன்னாலை, பின்னாலை ஆர் எண்டு திரும்பிப் பாத்தால் சவிரி! மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு கயிற்றைப் பிடிச்சிருக்கிறான். வலை நிறையக் கீரிமீன். அழுதுகொண்டு இழுத்தாலும் வலை கரைக்கு வருது அண்ணை. முதலாளியும் கண்ணாலை கண்டவர்.

வள்ளத்திலை இன்னும் ஏற மாட்டன் எண்டு சந்தியோகு சொல்லுறான். ஏறாட்டிலும் பரவாயில்லை.

இந்தக் கடிதம் எழுதுறதைப் பாத்திட்டு அவன் கேட்டான்: "உன்ரை அண்ணையைச் சுகமோ எண்டு கேட்டு எழுதினியே?" "ஓம், எப்பவும் எழுதுறதுதானே" எண்டன். "அப்பிடி இல்லை, உண்மையாய்க் கேள்" எண்டான்.

உண்மையாய்க் கேக்கிறன். எப்பிடி இருக்கிறியள் அண்ணை?

வலன்ரைன்


கொழும்பு
30.12.1967

அன்புள்ள தம்பிக்கு,

பாலன் பிறப்புக்கும் நான் வரவில்லை. லீவு இல்லை என்று அம்மாவுக்குத் தந்தி அடித்தது பொய். லீவு இருந்தது. வீட்டுக்கு வந்து உன் முகத்தில் முழிக்கத் தைரியம் வரவில்லை.

யோகராசா லீவில் போனதாக எழுதியிருந்தேன். அவன் லீவில் போகவில்லை. நாங்கள் தாலாட்டுப் பாடி இரண்டு கிழமை அவன் ஒருவரோடும் கதைக்கவில்லை. அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். ஒரு நாள் பின்னேரம் கந்தோர் விட்டு நேரே கடற்கரைத் தண்டவாளத்துக்குப் போய், ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கடலை விற்கிற ஒரு சிங்களக் கிழவர் அவனை இழுத்து விழுத்தியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. யோகராசாவுக்குச் சிங்களம் எவ்வளவு தெரியும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் வரும்வரைக்கும் அந்த மனிசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாராம்.

என்னிடம்தான் முதலில் வந்தவன், வலன்ரைன். "கொஞ்சம் கதைக்க வேணும்" என்று வந்தவன். நான் பாட்டுப் பாடினேன்.

தகப்பன் வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமான்களைக் கட்டிக் கொடுத்தது நான்தான். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். போடிங்கில் அதற்குப் பிறகு ஒருவரும் அவன் பெயரை எடுப்பதில்லை. உனக்குக் கோபமாக எழுதின கடிதமெல்லாம் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு எழுதியவை.

அப்பா விடயத்தில் நீ எழுதியது சரி. என் கை நடுங்கியது. என்னால் அழ முடியவில்லை, இப்போதும் முடியவில்லை. நெஞ்சில் கல் மாதிரி இருக்கிறது. சளி என்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டாய். இப்படித்தான் இருக்கிறேன்.

கிறகரி


தாழ்வுபாடு
7.1.1968

என்ரை அண்ணைக்கு,

உங்கடை கடிதத்தைக் கோயில் மதிலிலை இருந்து மூண்டு தரம் வாசிச்சன். அம்மாவுக்குக் காட்டேல்லை. சந்தியோகுவுக்குக் காட்டினன், குறை நினைக்காதேங்கோ.

நீங்கள் செய்தது பிழை. அதைப் பிழை இல்லை எண்டு நான் எழுத மாட்டன். நானும் சைக்கிளைப் பிடிச்சவன். இப்ப லீவு போட்டிட்டு இலுப்பைக்கடவைக்குப் போங்கோ. அவனுக்குக் கடிதம் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

சந்தியோகு சொல்லச் சொன்னது: "என்ன கதைக்கிறது எண்டு யோசிச்சுப் பாடமாக்கிக்கொண்டு போக வேண்டாம். அவன் ஏசினால் ஏச்சு வாங்கச் சொல்லு. போ எண்டால் போகாமல் நிக்கச் சொல்லு. எங்கடை ஆக்கள் நான் அழத் தொடங்கினவுடனை எழும்பிப் போனவங்கள். அதுதான் அழுகையை விட நொந்தது."

உங்கடை நெஞ்சிலை இருக்கிற கல்லு எனக்கும்தான்.

வலன்ரைன்


இலுப்பைக்கடவை
18.2.1968

அன்புத் தம்பி வலன்ரைனுக்கு,

யோகராசா வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். இங்கே நெல் அரிவி வெட்டு நடக்கிறது. நான் வந்து எட்டு நாள்.

முதல் இரண்டு நாளும் அவன் என்னைப் பார்க்கவில்லை. தாய் சிவக்கொழுந்து அம்மாதான் சோறு போட்டார். தகப்பன் பரமநாதன் ஐயா, "தம்பி, வந்தது சந்தோசம். பழைய கதையள் ஒண்டும் எடுக்க வேண்டாம். வயலிலை நாலு நாள் குனிஞ்சு நிமிர்ந்தால் பெடியன் சரியாயிடுவான்" என்றார். ஆறு மாதமாகக் குனிந்து நிமிர்கிறான், ஒரு சொல் கதைக்கிறானில்லை. நானும் அரிவாளை வாங்கி அவனுக்குப் பக்கத்தில் வெட்டினேன். என் வெட்டைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் யோகராசா நிமிர்ந்து பார்த்து, "அண்டைக்கு நீ பாடின பாட்டு நல்லாய் இருந்தது" என்றான். அவ்வளவுதான்.

பாடமாக்கிக்கொண்டு போகாதே என்று சந்தியோகு சொன்னது நல்லதாய்ப் போயிற்று. பாடமாக்கியிருந்தால் அதைத்தான் ஒப்பித்திருப்பேன். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. நெல்லுக்கு நடுவில், அத்தனை ஆட்களுக்கு முன்னால் நான் அழுதேன் வலன்ரைன். அவனுக்காக அழுதேனா, அப்பாவுக்காகவா, எனக்குத் தெரியாது. நிறுத்த முடியவில்லை. வெட்டுகிற ஆட்கள் அரிவாளைக் கீழே விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

பரமநாதன் ஐயா ஓடி வந்தார். "இதென்ன தம்பி வெட்கக்கேடு! அவனையும் கெடுக்கப் போறீர். பின்னேர பஸ்ஸிலை வெளிக்கிடும்" என்றார்.

"வெட்கம்தான் ஐயா. ஆனால் நான் போக மாட்டன்" என்றேன்.

"என்ரை வயலிலை நிண்டுகொண்டு எனக்கே சொல்லுறீரோ?"

"ஓம் ஐயா. நீங்கள் பிடிச்சுத் தள்ளினாலும் வீதியிலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

யோகராசா அரிவாளை வயல் வரம்பில் வைத்தான். "கிறகரி, அண்டைக்கு நான் உன்னட்டை என்ன சொல்ல வந்தனான் எண்டு தெரியுமே?" என்றான்.

"தெரியாது."

"இப்ப கேப்பியே?"

"கேக்கிறன்."

வரம்பில் இருந்தோம். பொழுது சாயும் மட்டும் சொன்னான். பரீட்சை மண்டபத்தில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடியதை, தம்பிமாரின் முகங்களை, தண்டவாளம் அதிர்ந்ததை. இடைக்கிடை அழுதான், நானும் அழுதேன். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்கள் திரும்ப வெட்டத் தொடங்கினார்கள். பரமநாதன் ஐயா பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எழும்பிப் போகவில்லை. இருட்டுப்படும் நேரம் சால்வையால் முகத்தைத் துடைத்ததைக் கண்டேன்.

என்னை மன்னித்துவிட்டதாக யோகராசா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அடுத்த நாளும் சொன்னான், நேற்றும் சொன்னான். நேற்று வரம்பில் ஐயாவும் எங்கள் பக்கம் திரும்பி இருந்தார்.

என் லீவு செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது. உடனே வராவிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று கந்தோரிலிருந்து தந்தி வந்தது. காலையில் தபால் கந்தோருக்குச் சைக்கிளில் போய்ப் பதில் தந்தி அடித்தேன். தபால் அதிபர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதை இப்பிடியே அனுப்பவோ?" என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன். "சிநேகிதன் கதைத்துக்கொண்டிருக்கிறான். முடிந்தபின் வருவேன்."

அம்மாவுக்கும் அன்ரோனெற்றுக்கும் சந்தியோகுவுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்
கிறகரி